மூன்று கிராம் நல்லசாமி

லிங்கியிலிருந்து புக்கிட் பெலண்டோக் வரைக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்களில் நல்லசாமியைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்து என்ன, பிடித்தவரும் கிடையாது. எண்ணெய் ஆலை வாசலில் லோரி ஏறி நிற்கும் எடைமேடைக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் பொறுப்பு. குலையோடு ஒரு தரம் நிறுப்பார். இறக்கிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பும்போது இன்னொரு தரம் நிறுப்பார். கழித்து மிச்சத்தைச் சீட்டில் எழுதி நீட்டுவார். இதில் யாருடைய கெட்டிக்காரத்தனமும் பலித்ததில்லை. குலைக்கு மேலே தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த லோரியை இரண்டு மணி நேரம் வெயிலில் காயப் போட்டிருக்கிறார். நிறுக்கும்போது வண்டிக்குள் குந்தியிருந்து, திரும்பும்போது நைசாக இறங்கி நடந்து வந்த கூட்டாளியை, "நீ என்ன குலையா? ஆலைக்குள்ள உன்னை எண்ணெய் எடுக்கவா விட்டுட்டு வந்தாங்க? ஏறு லா!" என்று திருப்பி ஏற்றியிருக்கிறார்.

அம்மா முத்தாயி பெற்ற ஏழில் இவர் ஐந்தாவது. மூத்தவள் செல்லம்மாவைச் சிலியாவில் கொடுத்தார்கள். அடுத்தவள் பாஞ்சாலை ரந்தாவில் வாழ்க்கைப்பட்டாள். அண்ணன்கள் இரண்டு பேரும் கிள்ளானுக்கு லோரி ஓட்டப் போய், அங்கேயே பெண் எடுத்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். தங்கச்சிகள் இரண்டு பேரும் சிரம்பானில். தோட்டத்தை விடாமல் ஒட்டிக்கொண்டவர் நல்லசாமி ஒருவர்தான். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பெருக்கலும் வகுத்தலும் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும்.

வேலை இடத்தோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. நிறுக்கிற புத்தி வீட்டுக்கும் வந்தது. மகள் மாதவிக்கு வந்த முதல் மாப்பிள்ளையின் விவரத்தாளில் எழுபது கிலோ என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை படியேறும்போதே நல்லசாமி, "எண்பத்து நாலு" என்றார். சபை திகைத்தது. அவர் உள்ளே போய் எடை பார்க்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் காலடியில் வைத்தார். எண்பத்து நாலரை காட்டியது. "வழியில காப்பி குடிச்சிருப்பாரு" என்று அரைக் கிலோவைப் பெருந்தன்மையாகக் கழித்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே போயிற்று. இரண்டாவது வீட்டார் ஒரு கிலோ லட்டு கொண்டு வந்தார்கள். நல்லசாமி லட்டையெல்லாம் தட்டில் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியை நிறுத்துப் பார்த்து, "பெட்டியோட சேர்த்துப் போட்டிருக்கான். தொண்ணூறு கிராம் அட்டை" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னார். அதுவும் போயிற்று.

மூன்றாவதை மாதவியே பார்த்துக்கொண்டாள். அவள் போர்ட்டிக்சனில் இடைநிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியை. வயது இருபத்தொன்பது. பள்ளிக் கண்காட்சிக்கு வந்த மகிந்தனோடு பழக்கமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகிந்தன் கோலாலம்பூரில் கணினி விளையாட்டுச் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறான். வீடு சி ரூசாவில். அப்பா இராஜரத்தினம் வடிகால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கமலாதேவி தலைமையாசிரியையாக இருந்தவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். இராஜரத்தினத்தின் அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். நல்லசாமியின் அப்பா சுமந்து வந்த ரப்பர் பால் வாளியை அந்தக் காலத்தில் நிறுத்துப் போட்டவர் அவர்தான்.

"அந்த வாளிக் கதையை மட்டும் எடுத்தீங்க, நான் செல்லம்மா அண்ணி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் அவர் மனைவி மயிலம்மாள்.

"நான் ஏன் லா எடுக்கிறேன்?"

"எதையுமே எடுக்காதீங்க. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே தோட்டத்துச் சம்பந்தம்னு ஒரு முகச்சுளிப்பு. மாதவிக்கு இதை விட்டா வேற மனசு இல்ல. சிரிங்க. தலையாட்டுங்க. சூப்பர்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் உங்க வாயிலேருந்து வரக்கூடாது."

"சூப்பர் மட்டுமா?"

"நல்லாருக்குன்னும் சொல்லலாம்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். கேசரி, முறுக்கு, காப்பி. கமலாதேவி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, வீட்டுக் கூரையை ஒரு பார்வை பார்த்தார். நல்லசாமி சிரித்தார், தலையாட்டினார். கேசரி எப்படி என்று இராஜரத்தினம் கேட்டதற்கும் சூப்பர், போகிற வழியில் நெரிசல் இருக்குமா என்று கேட்டதற்கும் சூப்பர். மயிலம்மாளுக்கு மூச்சு வந்தது.

பேச்சு தீர்ந்துபோன ஓர் இடத்தில் மகிந்தன், "அங்கிள், நான் செய்யற வேலையைக் காட்டட்டுமா?" என்று தன் லேப்டாப்பை டிவியோடு இணைத்தான். திரையில் ஓர் உருண்டை உலகம் சுழன்றது. பச்சைப் புல், ஒரு கிணறு, வளைந்து ஓடும் ஆறு, ஒரு குடிசை. குடமும் மண்வெட்டியும் ஆட்டுக்குட்டியுமாக ஓர் ஆள் நின்றான்.

"இந்தக் கிரகத்துக்குப் பேரு கமலினி. அம்மா பேருலேருந்து எடுத்தேன். ரெண்டு வருஷ வேலை அங்கிள்."

கமலாதேவியின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "கம்பெனியில எல்லாரும் சூப்பர் எண்டு சொன்னவை" என்றார்.

"சூப்பர்" என்றார் நல்லசாமியும், மனசாரவே.

"நீங்களே நடந்து பாருங்க அங்கிள்" என்று மகிந்தன் கண்ட்ரோலரைக் கையில் கொடுத்ததுதான் வினை. நல்லசாமி ஆற்றங்கரையோடு ஆளை நடக்க விட்டார். பெண்கள் புடவை பற்றிப் பேசினார்கள். ஆள் நடந்தான், நடந்தான். கடைசியில் எந்தக் கிணற்றடியிலிருந்து புறப்பட்டானோ அதே கிணற்றடிக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்தான். நல்லசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை மயிலம்மாள் எதிர் நாற்காலியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"தம்பி, ஒரு மைல்."

"என்ன அங்கிள்?"

"இருபது நிமிஷ நடை, ஒரு மைல். உங்க உலகமே மொத்தம் ஒரு மைல்தான்."

"ஆமா அங்கிள், சின்னக் கிரகம். அப்படித்தான் டிசைன்."

"சூப்பர். அப்ப இந்த ஆறு எங்க போகுது?"

"சுத்திட்டு மறுபடி கிணத்தடிக்கே வருது."

"தண்ணி பள்ளம் பார்த்துத்தானே தம்பி ஓடும்? புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருதுன்னா சுத்தி முழுக்கப் பள்ளமா? லிங்கி ஆறு கடலுக்குப் போகுது. இது யாரைத் தேடிப் போகுது?"

இராஜரத்தினம் இருமினார். முப்பது வருஷம் வடிகால் பார்த்தவருக்கு அந்த இருமல் வராமல் என்ன செய்யும். மயிலம்மாள் பாய்ந்து வந்து, "ஏங்க, முறுக்கு எடுத்துக்கங்க" என்று அவர் வாயிலேயே ஒன்றைத் திணித்தாள். நல்லசாமி மென்றார். விழுங்கினார். வாய் மறுபடி காலியாயிற்று.

"அது போகட்டும். இவ்வளவு சின்ன உலகம் ஒரு ஆளை எப்படிப் பிடிச்சு வச்சிருக்கும்? மாதவி, நீ சொல்லும்மா. நீதானே படிச்சவ."

எல்லாரும் மாதவியைப் பார்த்தார்கள். 'விளையாட்டுதானேப்பா' என்று அவள் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஆறு வருஷமாகக் கரும்பலகை முன்னால் நின்ற வாய் அது.

"அதே மண்ணு, அதே கல்லுன்னா... சுற்றளவு எத்தனை பங்கு குறையுதோ, எடையும் அத்தனை பங்கு குறையும்பா."

"பூமி சுத்தி எவ்வளவு?"

"நாற்பதாயிரம் கிலோமீட்டர்."

"மைலுக்கு ஒண்ணு புள்ளி ஆறு. இருபத்தஞ்சாயிரத்துல ஒரு பங்கு!" நல்லசாமி எழுந்தே விட்டார். "நான் எழுபத்தஞ்சு கிலோ. அங்க மூணு கிராம்! ஒரு வெத்திலை, தம்பி! நான் ஒரு வெத்திலை! இருபத்தஞ்சு டன் லோரி ஒரு கிலோ. கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிடலாம். எடைமேடையே வேணாம், மீன்காரி தராசு போதும்!"

"நடக்கிற வேகமே அங்க அதிகம்" என்றாள் மாதவி, தன்னை அறியாமல். "ஒரு அடி எடுத்து வச்சா மேல போயிடுவாங்க. திரும்பி வர மாட்டாங்க." சொல்லி முடித்த பிறகுதான் மகிந்தனின் முகத்தைப் பார்த்தாள்.

கமலாதேவி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மகிந்தன், எடு உன்ர சாமானை. ரெண்டு வருசமாய் என்ர பிள்ளை சோறு தண்ணி பாராமல் செய்தது. அப்பாவும் மகளுமாய் இருபது நிமிசத்தில நிறுத்துப் பார்த்துக் கழிச்சுப் போட்டினம்."

காரில் ஏறும்போது இராஜரத்தினம் மட்டும், "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன எடை என்று நல்லசாமிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து மயிலம்மாள் அவரோடு பேசவில்லை. சமையல் தராசைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அவர் கண் முன்னாலேயே முந்நூறு கிராம் சோறு நிறுத்துப் போட்டாள். ஒரு பருக்கை கூடினால் எடுத்தாள். குழம்பையும் நிறுத்தாள். நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். மாதவிதான் சண்டை போடவில்லை.

"நானும்தானேப்பா சொன்னேன்" என்றாள். பிறகு மெதுவாக, "மூணு நாளா அவர் என் மெசேஜுக்குப் பதிலே போடல" என்றாள்.

அந்தச் சோற்றைவிட இதுதான் அவருக்கு இறங்கவில்லை. மறுநாள் எடைமேடை அறையில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தார். வெளியே நாலு லோரி வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. உலகம் சின்னதுதான், அதை மாற்ற முடியாது. அப்படியானால் உள்ளே இருக்கும் மண்தான் கனக்க வேண்டும். எவ்வளவு கனக்க வேண்டும்? பூமி மண்ணின் கனத்தை இருபத்தைந்தாயிரத்தால் பெருக்கினார். அந்தக் கனத்தை மாதவியின் பழைய புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தார். விடையைப் பார்த்ததும் அவருக்கே வேர்த்தது.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதத்தான் நினைத்தார். இருபத்தாறு வருஷமாக ஒரே தாளில் எழுதிப் பழகிய கை. எழுதி முடித்துப் பார்த்தால் அது எடைச் சீட்டாக இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் சி ரூசாவுக்குக் கிளம்பினார்.

இராஜரத்தினம்தான் கதவைத் திறந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று உள்ளே பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "மெல்லமாய்க் கதையுங்கோ. அவ குசினிக்குள்ளை நிக்கிறா."

வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள் என்பதால் மகிந்தன் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். நல்லசாமி நின்றபடியே, "தம்பி, அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். எல்லாம் என் தப்பு. பிள்ளை மேல கோவப்படாதீங்க. நான் கேட்டேன், அவ சொன்னா" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார்.

மகிந்தன் பிரித்தான். லோரி எண் என்ற கட்டத்தில் 'கமலினி' என்று இருந்தது. சரக்கு: மண். கீழே, 'ஒரு தேக்கரண்டி அறுநூற்றுத் தொண்ணூறு கிலோ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"உள்ள இருக்கிற மண்ணு இவ்வளவு கனமா இருந்தா, உங்க ஆளு அசையாம தரையில நிப்பான் தம்பி. கணக்கு சரியாயிடும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மண்வெட்டியால வெட்டத்தான் முடியாது."

இராஜரத்தினம் எட்டிப் பார்த்தார். "வெறும் எடை எண்ட கட்டம் காலியாய்க் கிடக்கே?"

"ஆளு, ஆடு, குடிசை எல்லாத்தையும் இறக்கினாத்தானே சார் வெறும் எடை எடுக்க முடியும்? தம்பி இறக்கித் தந்தா போட்டுடலாம்."

மகிந்தன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நல்லசாமி பயந்துவிட்டார். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், உங்க மேல இருந்த கோவத்துல உங்க கணக்கை அப்படியே கேமுக்குள்ள போட்டேன். ஆபீஸ்ல காட்டி, 'பாருங்க, உண்மையைப் போட்டா விளையாடவே முடியாது'ன்னு சொல்லலாம்னு."

"அப்புறம்?"

"ரெண்டு நாளா ஆபீஸ்ல யாரும் வேலை பார்க்கல. எல்லாரும் பறந்துகிட்டு இருக்காங்க. இதையும் சேர்த்தே வெளியிடலாம்னு முதலாளி சொல்லிட்டார்." சிரிப்பு நின்றது. "மாதவிக்கு நல்ல பதிலாச் சொல்லணும்னுதான் இருக்கேன். ஆனா அம்மா..."

அம்மாவே தேத்தண்ணீர்த் தட்டோடு வந்துவிட்டார். கோப்பையை நல்லசாமியின் முன்னால் வைத்து, "மிஸ்டர் நல்லசாமி, சீனி எத்தினை கிராம் எண்டு நிறுத்துச் சொல்லாதேங்கோ" என்றார்.

"சூப்பர்மா" என்றார் அவர், குடிப்பதற்கு முன்னாலேயே.

"அம்மா, உங்க பேர் வச்ச கிரகத்தில நீங்க ஒரு தரம்கூட நடந்ததில்லை. ஒரே ஒரு அடி வச்சுப் பாருங்களேன்" என்றான் மகிந்தன்.

"எனக்கு உந்த விளையாட்டெல்லாம்..." என்று தொடங்கியவர், நல்லசாமியைப் பார்த்ததும் நிறுத்தினார். "தா இஞ்சை. ஒரு அடி வைச்சால் மேலை போயிடுவினமாம்! நான் நடந்து காட்டுறன். இவை சொன்னது பிழையெண்டு இவரே பார்க்கட்டும்."

மகிந்தன் விரலை வைக்க வேண்டிய இடம் ஒவ்வொன்றையும் காட்டினான். கமலாதேவி, பள்ளி அணிவகுப்பில் கொடியேற்றப் போகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினார். திரையில் ஆள் ஓர் அடி எடுத்து வைத்தான். குடமும் மண்வெட்டியும் ஆட்டுக்குட்டியுமாக, அவசரமில்லாமல், மேலே கிளம்பினான்.

"என்ன இது? மகிந்தன்! நான் எங்கையடா போறன்?"

"வானத்துக்குப் போறீங்கம்மா."

"இறக்கடா என்னை!"

"எனக்கும் முடியாது. அங்கிளைக் கேளுங்க."

குடிசை சின்னதாயிற்று. கிணறு பொட்டாயிற்று. நல்லசாமி தன்னை அறியாமல் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். "கையில இருக்கிறதை எறிங்கம்மா!"

கமலாதேவி மண்வெட்டியை எடுத்துப் பலம் கொண்ட மட்டும் கீழ்நோக்கி எறிந்தார். ஆள் இன்னும் வேகமாக மேலே போனான்.

"கீழ இல்லம்மா, மேல! மேல எறியணும்! போற பக்கமே எறியணும்!"

"மேலை எறிஞ்சால் நான் எப்பிடிக் கீழை வாறது? உங்களுக்கென்ன விசரா?"

"லிங்கியில சம்பான் படகுலேருந்து கரைக்குத் தாவினா, சம்பான் பின்னால போகுமா போகாதா? அது மாதிரிதான்!"

"போகும்" என்றார் இராஜரத்தினம் உடனே. "கலியாணம் கட்டின வருசம் நான் விழுந்தனான். நீ பார்த்துச் சிரிச்சனி."

அது கமலாதேவிக்கு ஞாபகம் வந்தது போலிருந்தது. குடத்தைத் தூக்கி உச்சிக்கு நேரே எறிந்தார். மேலே போன வேகம் சட்டென்று குறைந்தது. "அட!" என்றார். காலில் இருந்த சப்பாத்து இரண்டையும் எறிந்தார். தலைப்பாகையை எறிந்தார். ஆள் இரண்டு தென்னைமர உயரத்தில் அப்படியே தொங்கி நின்றான்.

"நிண்டிட்டன்! நிண்டிட்டன்! இனி என்னத்தை எறிய?"

"இனி ஆட்டுக்குட்டிதான் இருக்கு" என்றான் மகிந்தன்.

"ஐயோ, வாயில்லாச் சீவன்! அதை எறிய மாட்டன். வேற வழியே இல்லையோ, சம்பந்தி?"

இராஜரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமலா, இப்ப என்னெண்டு கூப்பிட்டனி?"

"காது கேட்டதுதானே." கமலாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வருசமாய் எல்லாரும் சூப்பர் எண்டு சொல்லிச்சினம். நானும் சொன்னனான், ஒரு நாளும் பாராமலே. அந்தப் பிள்ளை ஒருத்திதான் பார்த்துப்போட்டு உள்ளதைச் சொன்னவள். அது எனக்குச் சுட்டுப் போட்டுது. சரி, அதை விடுங்கோ. நான் எப்பிடி இறங்கிறது?"

நல்லசாமி திரையைக் காட்டினார். "ஒண்ணும் எறிய வேணாம்மா. நின்னாச்சுல்ல, அது போதும். மூணு கிராம்னாலும் கனம் கனம்தான். அதுவே இறக்கிடும். கொஞ்சம் மெதுவா" என்றார்.

"எவ்வளவு மெதுவாய்?"

மகிந்தன் கணக்குப் பார்த்தான். "பத்து நிமிஷம் ஆகும்மா."

"பத்து நிமிசம் சும்மா தொங்கிறதோ? இஞ்சாருங்கோ, அந்தக் கலண்டரை எடுங்கோ. சம்பந்தி, வீட்டுக்குப் போனைப் போடுங்கோ."

நல்லசாமி போட்டார். அந்தப் பக்கம் மயிலம்மாள் எடுத்தாள், ஆனால் 'ஹலோ' கூடச் சொல்லவில்லை. அவர் போனை நீட்டினார். கமலாதேவி ஒரு கையால் கண்ட்ரோலரை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைக் காதில் வைத்தார்.

"மயிலம்மாளோ? நான் கமலாதேவி கதைக்கிறன். நான் இன்னும் தரைக்கு வந்து சேரேல்லை, எட்டு நிமிசம் கிடக்கு. ஆட்டுக்குட்டி சுகமாய் இருக்கு. அதுக்குள்ளை சொல்லுங்கோ, உங்களுக்குத் தை வசதியோ, மாசி வசதியோ?"